உலர்தளமா, மிதக்கும் தளமா?

திருகோணமலை டொக்யார்டை இன்றைய கடற்படைக் கப்பல்களைப் பழுதுபார்க்க ஏற்றபடி புதுப்பிப்பதென்றால், முதலில் எழும் கேள்வி இதுதான்.

உலர்தளம் என்பது கரையைக் குடைந்து கட்டுவது. கதவை மூடி நீரை இறைத்தால் கப்பல் கட்டைகளின் மேல் அமர்ந்துவிடும். பல தலைமுறை உழைக்கும், சரி. ஆனால் செலவு அதிகம். 1957 வரை பிரித்தானியர் கையிலிருந்த வளாகத்தைத் தோண்டினால் பழைய கட்டடங்களும் ஆட்டம் காணலாம்.

மிதக்கும் தளம் தொட்டிகளில் நீர் நிரப்பித் தாழும். கப்பல் உள்ளே வந்ததும் நீரை வெளியேற்றி எழும். ஆழமும் அமைதியுமான நம் துறைமுகம் அதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. ஆனாலும் திருமலைக்கு ஒரு பழைய காயம் உண்டு. 1944 ஆகஸ்ட் 8 இல், இதே துறைமுகத்தில், வேலியன்ட் என்ற போர்க்கப்பலைத் தூக்கிய மிதக்கும் தளம் உடைந்து மூழ்கியது. கப்பல் தப்பியது, பலத்த சேதத்துடன். எந்தத் தொட்டி எவ்வளவு காலியாகிறது என்ற கணக்கு பிசகினால் இப்படித்தான். ஆனால் வேலியன்ட் 30,000 தொன்னைத் தாண்டிய பூதம். நம் ரோந்துக் கப்பல்கள் அதன் முன் குஞ்சுகள்.

என் தெரிவு மிதக்கும் தளம்தான். அப்புறம், அதன் அடிப்பகுதியும் உப்புநீரில் துருப்பிடிக்கும். அதற்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும்.