பிள்ளைகளுக்கு மின்னணுவியலை எதில் தொடங்கலாம்: எலுமிச்சை மின்கலமா, மைக்ரோபிட்டா?

விடுமுறைக்குக் காரைக்குடி வந்த பிள்ளைகளை வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) உட்கார வைத்து இரண்டையும் செய்து பார்த்தோம்.

மைக்ரோபிட் உள்ளங்கையளவுக் குட்டிக் கணினிப் பலகை. 25 சிறு விளக்குகள், இரண்டு பொத்தான்கள். கணினியில் கட்டளைக் கட்டங்களை அடுக்கினால் விளக்கில் பெயர் ஓடும். ஒன்பது வயதுக்காரி அரை மணியில் பிடித்துக்கொண்டாள். ஆறு வயதுத் தம்பிக்குக் கொட்டாவி.

எலுமிச்சைக்கு வேண்டியது செம்புக் கம்பியும் துத்தநாகம் பூசிய ஆணியும்தான். இரண்டும் பழத்துக்குள் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஒரு பழம் ஏறக்குறைய 0.9 வோல்ட் தரும்; நான்கைத் தொடராக (ஒரு பழத்தின் செம்பை அடுத்ததன் ஆணியோடு) இணைத்தால் சிவப்பு எல்இடி மங்கலாக எரியும். முதலில் எரியவில்லை. எல்இடியின் நீளக்கால் செம்புப் பக்கம் வர வேண்டும், நாங்கள் மாற்றி வைத்திருந்தோம். தவறைத் தம்பியே கண்டுபிடித்தான். அப்புறம் அவனை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. (அந்தப் பழத்தை மட்டும் ஜூஸ் போட்டுவிடாதீர்கள், ஆச்சி தயாராக நின்றார்.)

1948-இல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊரில் மின்கலத்தில் தொடங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. எட்டு வயதுக்கு மேல், வீட்டில் கணினியும் இருந்தால், மைக்ரோபிட் வாங்கலாம்.