மருந்து வரிசையா, நோயின் போக்கா? தீவிர சிகிச்சைச் செவிலியருக்கு எது முதலில்?

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை வட்டாரத்தில் அறை எடுத்துத் தங்கி, ஐசியூ பணியையும் மேற்படிப்பையும் ஒன்றாக இழுத்துச் செல்லும் செவிலியர்களிடையே ஒரு பழைய வழக்கு உண்டு. மருந்தியலை முதலில் முடித்துவிட்டு நோயியங்கியலுக்குப் போவதா, அல்லது உடலுக்குள் என்ன கெடுகிறது என்பதைப் புரிந்துகொண்ட பின் மருந்துகளைத் தொடுவதா என்பதே அது. இந்தியச் செவிலியர் மன்றத்தின் இரண்டாண்டு கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் இரண்டும் உயர்நிலைப் பாடங்களாகத் தனித்தனியே இருப்பதால், இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடிவதில்லை.

மருந்து வரிசையில் படிப்பவர்களுக்கு உடனடிப் பலன் கிடைக்கிறது. புதிதாக ஐசியூவுக்கு வந்தவர் முதல் வாரத்திலேயே பொட்டாசியம் குளோரைடைத் தொட வேண்டியிருக்கும், 10 மி.லி. ஆம்ப்யூலில் 20 மில்லிஈக்குவலண்ட் (உப்புகளை அளக்கும் அலகு) இருக்கிறது, அதை நீர்க்காமல் நேரடியாக ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடலாம் என்பதை அறிய, செல்சவ்வின் மின்னழுத்தம் பற்றிய அத்தியாயம் முடியும்வரை காத்திருக்க முடியாது. ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் கணக்கும் அப்படித்தான். 50 மி.லி. சிரிஞ்சில் 4 மி.கி. கலந்திருந்தால் ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் வேண்டுமெனில் மருந்து செலுத்தும் பம்பில் மணிக்கு 4.5 மி.லி. வைக்க வேண்டும். ஆனால் அந்த 4 மி.கி. பைடார்ட்ரேட் உப்பின் எடையா, நார்அட்ரினலினின் எடையா என்று லேபிளைப் பார்க்காமல் விட்டால் கணக்கு பாதியாகிவிடும், 2 மி.கி. பைடார்ட்ரேட்டில் ஏறத்தாழ 1 மி.கி. நார்அட்ரினலின்தான் உள்ளது. இத்தகைய விவரங்களை மனப்பாடம் செய்வதை இழிவாகப் பேசுகிறவர்கள் நைட் டூட்டியில் பம்ப் நிரப்பியவர்களாக இருக்க மாட்டார்கள்.

ஆயினும் இந்த வழியின் எல்லை சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. மூன்று நோயாளிகளுக்கு ஒரே மாதிரி 80/50 ரத்த அழுத்தம் இருக்கலாம்: ஒருவருக்குக் கிருமித்தொற்றால் ரத்தக்குழாய்கள் தளர்ந்திருக்கும், இன்னொருவருக்கு மாரடைப்பால் இதயம் சோர்ந்திருக்கும், மூன்றாமவருக்கு டெங்குவில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குழாய்களை விட்டுக் கசிந்திருக்கும். மருந்துப் பெயரிலிருந்து தொடங்குபவர் மூவரையும் ‘பிபி குறைவு’ என்ற ஒரே பெட்டியில் போடுகிறார். நோயின் போக்கிலிருந்து தொடங்குபவரோ முதலாமவருக்குத் திரவமும் நார்அட்ரினலினும், இரண்டாமவருக்குத் திரவத்தில் கட்டுப்பாடு, மூன்றாமவருக்கு ஹீமடோக்ரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) பார்த்துப் பார்த்து அளக்கும் சலைன் என்று பிரித்தறிகிறார்.

டெங்குவையே சற்று நெருங்கிப் பார்க்கலாம். மழைக்காலத்தில் வடசென்னை வார்டுகளுக்கு அது புதியதல்ல. கசிவு பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். பிறகு வெளியேறிய திரவம் தானாகவே ரத்தக்குழாய்க்குத் திரும்பும். நேற்று மாலை எழுதிய சலைன் ஆணை இன்று விடியற்காலையிலும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால், உயிர் காத்த அதே திரவம் நுரையீரலில் தேங்கத் தொடங்கும். ஹீமடோக்ரிட் இறங்குகிறது, நாடி நிதானமாக இருக்கிறது, சிறுநீர் நன்றாகப் போகிறது என்றால் அது திரவம் திரும்பும் கட்டம். ஹீமடோக்ரிட் இறங்கும்போதே நாடி படபடத்து அழுத்தமும் சரிந்தால் உள்ளே ரத்தப்போக்கு உண்டா என்று சந்தேகிக்க வேண்டும். மருத்துவரை எழுப்ப வேண்டிய நேரத்தை மருந்து விவரம் எழுதிய எந்தக் குறிப்பட்டையும் சொல்லித் தராது. மருந்தியல் செவிலியரின் கைப்பிழையிலிருந்து நோயாளியைக் காக்கிறதென்றால், நோயியங்கியல் காலாவதியான ஆணையிலிருந்து காக்கிறது என்பது என் கணிப்பு.

பூச்சிக்கொல்லி நஞ்சில் இரண்டு வழிகளும் தனித்தனியே தோற்கின்றன. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி, நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. அதற்கு மாற்று மருந்தான அட்ரோபின், சுரப்பிகளிலும் இதயத்திலும் உள்ள மஸ்கரினிக் ஏற்பிகளை மட்டுமே மறிக்கிறது. எனவே நெஞ்சில் சளி வற்றி மூச்சொலி தெளிந்ததை வைத்து அட்ரோபின் போதுமென்று சரியாகவே முடிவு செய்தவர்கூட, நிக்கோடினிக் ஏற்பிகளுள்ள தசைகளை மறந்தால், முதல் நான்கு நாட்களுக்குள் வரக்கூடிய மூச்சுத்தசைத் தளர்வைத் தவறவிடுவார். ஒவ்வொரு ஷிப்டிலும் ‘தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க அண்ணா’ என்று சொல்லிப் பார்ப்பது அதனால்தான். கழுத்து எழாவிட்டால் வென்டிலேட்டர் தயாராக இருக்க வேண்டும்.

வார்டில் வரும் நோயாளியையே பாடமாக வைத்துப் படிக்கும் மூன்றாவது வழியும் உண்டு. நினைவில் நிற்பதில் அதற்கு இணையில்லை. ஆனால் வார்டுக்கு வராத தைராய்டு நெருக்கடி தேர்வுத்தாளில் மட்டும் வரும்.

ஐசியூவில் சேர்ந்து சில மாதங்களே ஆனவர் அட்ரினலின், நார்அட்ரினலின், பொட்டாசியம், இன்சுலின், ஹெப்பாரின், மயக்க மருந்துகள் ஆகியவற்றை முதலில் குறிப்பட்டைகளாக்கிக் கொள்ளலாம். விம்கோ நகர் மெட்ரோவில் நின்றுகொண்டே புரட்டவும் அவை தோதானவை. ஓராண்டு அனுபவம் உள்ளவர் அட்டைகளை ஓரம் வைத்துவிட்டு, அதிர்ச்சி (உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை), மூச்சுத்திணறல், சர்க்கரை மிகுந்த அமிலத்தேக்கம் என்று ஒவ்வொரு போக்கையும் எடுத்து, எந்த மருந்து அதன் எந்தக் கண்ணியில் கை வைக்கிறது என்று வரைந்து படிப்பதே நல்லது. அதற்கு ரயில் சரிப்படாது; டூட்டி இல்லாத நாளில் ஒரு மேசையும் பெரிய தாளும் வேண்டும்.