சியஸ் ஏ26: தவிலின் தொப்பி கேட்குது

ஒஸ்லோவில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய மோஸ் நகரில்தான் சியஸ் என்ற ஸ்பீக்கர் நிறுவனம் இருக்குது. 1950இல் தொடங்கினது. அவர்களின் ஏ26 கிட்டை (நாங்களே பூட்டுற ஸ்பீக்கரின் பாகங்கள்) வாங்கி, இந்த மாரிகாலம் முழுக்க நிலவறையில் இருந்து ஒரு சோடி ஸ்பீக்கர் செய்து முடிச்சன்.

டைனகோ ஏ25 என்ற பழைய ஸ்பீக்கரின் வழியில் வந்த வடிவமைப்பு இது. தாழ்ந்த ஒலிக்கு 10 அங்குல வூஃபர், உயர்ந்த ஒலிக்கு 35 மில்லிமீற்றர் துணி டோம் டுவீட்டர். வூஃபருக்கு ஒலியைப் பிரிக்கிற வடிகட்டியே கிடையாது. டுவீட்டருக்கு ஒரு கெப்பாசிட்டர், ஒரு மின்தடை, அவ்வளவுதான். பற்றவைப்பு ஒரு பின்னேர வேலை.

பெட்டிதான் பாடுபடுத்தும். நான் 18 மில்லிமீற்றர் பேர்ச் பிளைவுட் எடுத்தன். முதல் முன்பலகையில் வூஃபர் வட்டம் இரண்டு மில்லிமீற்றர் பெருத்துப்போச்சு, திரும்ப வெட்டினன். மரம் வெட்டுற ரவுட்டரை ஒரு தடவையாவது பழைய பலகையில் ஓட்டிப் பாருங்கோ. பெட்டியில் ஒரு துவாரம் உண்டு, அதுக்குள் பஞ்சு அடைச்சிருக்கும். காற்று தடைப்பட்டு மெதுவாக வெளியேறுவதால் வூஃபரின் அதிர்வு இழுபடாமல் அடங்கும்.

அப்பாவின் பழைய நாதஸ்வர ஒலிநாடாவைப் போட்டன். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல்கூடு விழுகிற சத்தமும், இடப்பக்கமான தொப்பியில் கழி விழுகிற சத்தமும் பிரிஞ்சு தெரிஞ்சுது. அப்பா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

அடிவயிறு குலுங்கும் பாஸ் வேணுமெண்டால் இது சரிவராது. புத்தக அலுமாரியிலும் அடங்காது, ஸ்டாண்ட் கட்டாயம். குரலும் தோல்வாத்தியமும் கேட்பவர்கள் யோசிக்காமல் வாங்குங்கோ.