மே மாத விடுமுறைக்கு எந்தக் கடற்கரை: ராமேஸ்வரமா, கன்னியாகுமரியா, தரங்கம்பாடியா?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் எல்லா வீட்டிலும் முதலில் அடிபடுவது ஊட்டியும் கொடைக்கானலும்தான். இ-பாஸ், மலைப்பாதை நெரிசல், அறை வாடகை எல்லாவற்றையும் கணக்குப் போட்ட பிறகு பேச்சு கடற்கரைப் பக்கம் திரும்பும். அப்படித் திரும்பியவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு. டிசம்பரில் போகிறீர்கள் என்றால் முடிவு வேறாக இருக்கும். கத்திரி வெயிலில் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. பிள்ளைகளை அந்தக் கடலில் இறக்கிவிடலாமா? காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை எங்கே பொழுதைக் கழிப்பது?

முதல் கேள்வியில் ராமேஸ்வரம் பக்கம் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். காரணம் பாம்பன் தீவின் அமைப்பு. தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். கோடையில் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று எழும்போது மன்னார் வளைகுடாப் பக்கம் அலை ஏறும். அதே நாளில் பாக் விரிகுடா குளம் மாதிரி கிடக்கும். மழைக்காலத்தில் வாடைக் காற்று அடிக்கும்போது நிலைமை தலைகீழாகிவிடும்.

அதனால் மேயில் பிள்ளைகளோடு போகிறவர்கள் தனுஷ்கோடியில் குளிக்க நினைக்க வேண்டாம். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் வடக்கே திரும்பினால் அரியமான் கடற்கரை வரும். சவுக்குத் தோப்பு, அதை ஒட்டி மணல், அப்புறம் வெகுதூரம் வரை ஆழமே தெரியாத தண்ணீர். தோப்பு நிழலில் பாயை விரித்துத் தாத்தா பாட்டியை உட்கார வைத்துவிட்டு, பிள்ளைகளோடு நீங்களும் இறங்கலாம். கண் மட்டும் அவர்கள் மேலேயே இருக்க வேண்டும்.

கன்னியாகுமரியின் நிலைமை இதற்கு நேர் எதிர். நெல்லையோடும் மதுரையோடும் ஒப்பிட்டால் வெயில் குறைவு, காற்று தாராளம், பார்க்க இடங்களும் நிறைய. ஆனால் கடல் ஏமாற்றும். ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கரையில் கள்ளக்கடல் வரும். பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயல்கள் எழுப்பும் நீண்ட அலைகள் இவை. இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். ஆனாலும் கரையில் நிற்பவரை இழுத்துக்கொண்டு போகும் அளவுக்கு அலை திடீரென்று ஏறிவிடும். 2024 மே மாதத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் போனார்கள். படித்த, இளம் வயதுப் பிள்ளைகள். கள்ளக்கடல் எச்சரிக்கை முன்கூட்டியே விடப்படுகிறது, செய்திகளிலும் வருகிறது. காலையில் கிளம்பும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை உள்ள நாளில் கால் நனைக்கவும் போக வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

தரங்கம்பாடியில் கடல் பார்ப்பதற்குத்தான். கோட்டைக்கு முன்னால் மணலில் நடக்கலாம், அலையில் நிற்கலாம். நீந்தி விளையாடுகிற கரை அல்ல. 1306-இல் கட்டப்பட்ட மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. இருப்பதையாவது காக்கக் கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேல் பிள்ளைகளை ஏற விடாதீர்கள், வழுக்கும்.

சரி, மதியத்துக்கு வருவோம்.

இங்கே கன்னியாகுமரிதான் ராஜா. காலையில் முதல் படகுக்கே போய் நின்றுவிட்டால் 1970-இல் திறந்த விவேகானந்தர் பாறையையும் 133 அடி வள்ளுவர் சிலையையும் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். 2024 டிசம்பரில் இரண்டுக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு, வள்ளுவரைப் பார்க்கத் தனியாகப் படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கடல் சீற்றம் என்றால் படகை நிறுத்திவிடுவார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குப் பத்மநாபபுரம் அரண்மனை. மரமும் ஓடும் கருந்தரையுமாக, அந்தக் காலத்துக் கட்டடக்காரர்கள் வெயிலை எப்படி வெளியே நிறுத்தினார்கள் என்று உள்ளே போனதும் உடம்புக்கே தெரியும். திங்கட்கிழமை விடுமுறை. அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி என்று மலைப்பக்கமே பொழுது போய்விடும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மே மாதத்தில் சூரியன் வடமேற்கே சாய்ந்து இறங்கும். அதனால் கன்னியாகுமரி ஊர்க் கரையில் நின்றால் அது கடலில் விழாது, நிலத்துப் பக்கம் மறைந்துவிடும். கூட்டத்தோடு காத்திருந்து ஏமாறுவதைவிட மாலை ஐந்து மணிக்கே முட்டம் போய்விடுங்கள். கரை வளையும் இடம் அது. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் உட்கார்ந்தால் சூரியன் தண்ணீரிலேயே இறங்குவது தெரியும்.

ராமேஸ்வரத்தில் மதியம் கடினம். தனுஷ்கோடியில் நிழல் என்ற பேச்சே கிடையாது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயமும் ரயில் நிலையமும் இடிபாடுகளாக நிற்கின்றன. தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறது. ஆனால் விடிந்ததும் போய் எட்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், மாலைக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். வெயிலுக்கு மருந்து கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. இருபத்திரண்டு தீர்த்தங்களும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கிணற்றுச் சுவரில் ஏறி நிற்பவர் வாளியை இறக்கி, இழுத்து, ஒரே வீச்சில் தலையில் கொட்டுவார். அடுத்த கிணற்றுக்கு ஈரத்தோடு ஓடுவார்கள். ஒன்றில் தண்ணீர் சில்லென்றிருக்கும், இன்னொன்றில் வெதுவெதுப்பாக, வேறொன்றில் லேசாக உப்புக் கரிக்கும். ஈரத் தரையில் வழுக்குவதால் பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு உடை மாற்றி அந்த நீளப் பிரகாரத்தில் நடந்தால் வெளியே மே மாதம் என்பதே மறந்துபோகும். மதியம் நடை சாத்துவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

பாம்பன் சாலைப் பாலத்தையும் சொல்ல வேண்டும். 1914-இன் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும் புதிய ரயில் பாலம் அங்கிருந்து தெரியும். ரயிலில் போனால் புதிய பாலத்தின் மேலேயே போகலாம். இந்த ஒன்றுக்காகவே பிள்ளைகளைப் பேருந்தில் கூட்டிப்போகாதீர்கள் என்பேன்.

தரங்கம்பாடியின் மதியம் சின்னது, ஆனால் கனமானது. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை, 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானியக் கிறிஸ்தவ போதகர் சீகன்பால்குவின் நினைவிடங்கள், 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் எல்லாம் நடக்கும் தூரத்துக்குள். தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது இந்த ஊரில்தான். புத்தகம் பிடித்தவர்களுக்கும், வீடுகளையும் தெருக்களையும் பார்த்துக்கொண்டே மெதுவாக நடப்பவர்களுக்கும் இதைவிட நல்ல ஊர் கிடையாது. எட்டு வயதுப் பையனுக்கு அரை நாளில் சலித்துவிடும். தங்குமிடமும் குறைவு. காரைக்காலில் அறை எடுத்து, திருக்கடையூர், பூம்புகாரோடு சேர்த்துப் போவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஓசோன் காற்று வீசும் ஊர் என்று சொல்வதை நம்பிப் போக வேண்டாம். அங்கே வீசுவது சாதாரணக் கடல் காற்று, அதுவே போதும்.

சாப்பாட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரத்திலும் தரங்கம்பாடியிலும் அப்போது கிடைப்பது நாட்டுப்படகு மீன்தான். வரத்து குறைவு, விலை கூடுதல். பெரிய மீன் தட்டில் வந்தால் எப்போது பிடித்தது என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்குத் தடை ஜூன் 1-இல்தான் தொடங்கும். அதனால் மே முழுக்க முட்டம், குளச்சல் பக்கம் மீன் உண்டு. மரச்சீனிக்கிழங்கும் தேங்காய் அரைத்த மீன் குழம்பும் கிடைக்கும் மாதம். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதற்குப் பதில் இருக்கிறது: சாலையோரத்தில் பனையோலைப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, நுங்கு போட்ட பதநீரை நின்றபடியே குடிப்பது.

என் தேர்வு இதுதான். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் ராமேஸ்வரம், ஒரு முழு நாளை அரியமானுக்கு ஒதுக்குங்கள். வெயில் தாங்காத பெரியவர்களோடு போனால் கன்னியாகுமரி, நாகர்கோவிலில் தங்குவது வசதி. இருவர் மட்டும் என்றால் தரங்கம்பாடி. மே கடைசி வாரம்தான் லீவு கிடைக்கும் என்பவர்கள் குமரியைத் தள்ளிவைக்கலாம், தென்மேற்குப் பருவமழை அதன் வாசலில் நிற்கும் நேரம் அது. ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்பே திறப்பதால், மே முதல் வார டிக்கெட்டுக்கு மார்ச் தொடக்கத்திலேயே உட்கார வேண்டும்.