காட்டுக் கீரையா, பாலக்கா?

தானாக முளைக்கும் கீரை என்றாலே சத்து அதிகம் என்று சொல்லிவிடுகிறோம். எந்தக் கீரையில் எந்தச் சத்து என்று கேட்டால், பதில் அவ்வளவு எளிதாக இல்லை. பாலக்கை ஒரு பக்கம் வைத்து, சக்கரவர்த்திக் கீரை, தரைப்பசலை, டேன்டேலியன் (மஞ்சள் பூப் பூக்கும் ஒரு களைச்செடி) மூன்றையும் எதிரே நிறுத்திப் பார்த்தேன். (முதல் இரண்டையுமே பருப்புக்கீரை என்று சொல்பவர்கள் உண்டு, குழப்பம் வேண்டாம் என்று அந்தப் பெயரைத் தவிர்க்கிறேன்.) சத்துக் கணக்கு 100 கிராம் பச்சை இலைக்கு, அமெரிக்க வேளாண்துறையின் உணவுப் பட்டியலில் உள்ளபடி.

கால்சியம் பாலக்கில் 99 மி.கி., சக்கரவர்த்தியில் 309. வைட்டமின் சி 28-க்கு எதிரே 80 மி.கி. இரும்பில் மட்டும் பாலக் முந்துகிறது: 2.7-க்கு 1.2.

ஆனால் இலையில் இருப்பதெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடாது. இந்த இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். இரண்டிலும் ஆக்சலேட் என்ற இயற்கைப் பொருள் ஏராளம். அது கால்சியத்தைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும். பாலில் உள்ள கால்சியத்தில் 30 சதவீதம் அளவுக்கு உடம்பு எடுத்துக்கொள்கிறது. பாலக்கில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். அதனால் 309 என்ற எண்ணை நம்பிப் பாலை நிறுத்திவிடாதீர்கள். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் ஆக்சலேட்டில் ஒரு பங்கு போகும், கூடவே வைட்டமின் சி-யும் போகும். வடித்த சக்கரவர்த்தியில் 80 என்பது 37 ஆகிவிடுகிறது. அப்போதும் பச்சைப் பாலக்கைவிட அதிகம் என்பதால், வைட்டமின் சி-க்கு என் கை சக்கரவர்த்தி பக்கம்தான் போகும்.

தரைப்பசலை இந்தக் கணக்கில் ஏமாற்றும். கால்சியம் 65, வைட்டமின் சி 21, இரும்பு 2 மி.கி.; மூன்றிலும் பாலக்குக்குக் கீழே. அதன் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. 100 கிராமில் 300 முதல் 400 மி.கி. வரை ஒமேகா-3 வகையான ஆல்பா லினோலெனிக் அமிலம் உண்டு. கீரைகளில் இவ்வளவு இருப்பது அபூர்வம். பெரியவர்களுக்கு நாளுக்குப் பரிந்துரைக்கப்படுவது பெண்களுக்கு 1.1 கிராம், ஆண்களுக்கு 1.6 கிராம். மீன் சாப்பிடாதவர்களுக்கு இது நல்ல துணை. ஆக்சலேட் இதிலும் அதிகம், சிறுநீரகக் கல் வந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். காலையில் பறித்தால் புளிப்பு தூக்கலாக இருக்கும். இரவில் சேர்த்து வைக்கும் மாலிக் அமிலம் பகல் வெயிலில் கரைந்துவிடும்.

சரி, ஒன்றுதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால்? நான் டேன்டேலியனைச் சொல்வேன். கால்சியம் 187, இரும்பு 3.1 மி.கி., ஆக்சலேட்டோ குறைவு. கசப்புதான் தடை, பூ விடுவதற்கு முன் பறித்த இளம் இலையில் அது கொஞ்சம் அடங்கியிருக்கும். வைட்டமின் கே 778 மைக்ரோகிராம், பாலக்கில் 483. இந்த வைட்டமின் இரத்தம் உறைய உதவுவது என்பதால், உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரண்டில் எதையும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது.

பறிப்பதற்கு முன் செடியை உறுதிசெய்துகொள்ளுங்கள். தரைப்பசலை போலவே தரையோடு படரும் நச்சுச் செடி ஒன்று அம்மான் பச்சரிசி இனத்தில் உண்டு. தண்டைக் கிள்ளினால் அதில் பால் வரும், தரைப்பசலையில் தெளிந்த நீர்தான் வரும். டேன்டேலியனிலும் பால் வரும் என்பதால், இந்தச் சோதனை தரைப்பசலைக்கு மட்டும்தான்.