வேலூரைச் சுற்றி ரோடு பைக்: பல வருடம் ஓட்டியபின் எந்த ரூட் தேறியது

வேலூரில் ரோடு பைக் (மெல்லிய டயர் வைத்த வேகமான சைக்கிள்) ஓட்டுகிறேன் என்றால் அடுத்த கேள்வி "ஏலகிரி போனீங்களா?" என்பதாகத்தான் இருக்கும். போயிருக்கிறேன், பலமுறை. ஆனால் இத்தனை வருடம் இந்தப் பக்கம் மிதித்தபின் என் கருத்து வேறு. மலைமேல் ஏறுகிற சாலைகளைவிட, மலைகளுக்கு நடுவே அதிகம் ஏறாமல் இறங்காமல் ஆற்றோரமாகப் போகிற சாலைகள்தான் வட ஆற்காட்டில் ஓட்டத் தகுந்தவை. பழைய கோயிலோ குடைவரையோ கோட்டையோ பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்றால் இன்னும் நிச்சயமாக அப்படித்தான்.

முதலில் வண்டியைப் பற்றி, ஏனென்றால் ரூட் பற்றிய கருத்து வண்டியைப் பொறுத்தது. என்னுடையது சாதாரண அலுமினிய ஃபிரேம், முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு சக்கரம், பின்னால் 11 முதல் 32 பல் வரை உள்ள கேசட், அதாவது கியர் பல்சக்கர அடுக்கு. கூட வந்த டயர் 25 மி.மீ. அது ஹைவேக்கு ஓகே, கிராமத்துச் சாலைக்கு ஆகாது. ஃபிரேமில் இடம் இருந்ததால் 30 மாட்டினேன், அதன்பிறகுதான் முதுகும் மணிக்கட்டும் தப்பித்தன. இங்கே பஞ்சருக்குக் காரணம் ஆணியோ கண்ணாடியோ இல்லை, பெரும்பாலும் சீமைக் கருவேல முள்தான். சாலையோரம் வெட்டிப்போட்ட கிளை ஒன்று இருந்தால் போதும். இரண்டு டியூப், ஒரு சின்ன பம்ப் இல்லாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள், ரோடு பைக் டியூப் கிராமத்துச் சைக்கிள் கடையில் கிடைக்காது.

சரி, ரூட்டுக்கு வருவோம்.

நான் திரும்பத் திரும்பப் போவது வள்ளிமலை, மேல்பாடி, திருவலம் சுற்று. கோட்டை முன்னாலிருந்து விடிவதற்குள் கிளம்பிப் பாலாற்றுப் பாலம் தாண்டி, காட்பாடி, பிரம்மபுரம் வழியாகச் சேர்க்காடு கூட்டு ரோடு. அதுவரை பஸ், லாரி, கல்லூரி வண்டிகள் எல்லாம் உண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான். கூட்டு ரோட்டில் இடதுபக்கம் திரும்பினதும் சத்தம் சட்டென்று குறையும். இரண்டு பக்கமும் நெல், கரும்பு, வேர்க்கடலை, தூரத்தில் யாரோ உருட்டி அடுக்கிவைத்தது போலப் பாறை மலைகள், சாலை மட்டும் ஏறவே ஏறாது. இதைத்தான் சொல்கிறேன், மலைக்காட்சி வேண்டும் என்பதற்காகத் தொடையை நோகடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

வள்ளி தினைப்புனம் காத்த இடம் என்று வள்ளிமலை முருகன் கோயிலுக்குக் கூட்டம் வரும். கூட்டம் படியேறிக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடும், மலையின் இன்னொரு பக்கம் பாறையில் வரிசையாக இருக்கிற சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்ப்பவர்கள் குறைவு. கங்க மன்னன் இராசமல்லன் பேரில் கல்வெட்டு இருக்கிறது, ஒன்பதாம் நூற்றாண்டு. முருகனும் சமணமும் ஒரே மலையில் இத்தனை நூற்றாண்டு இருந்திருக்கிறார்கள் என்பதை அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது யோசிக்க நன்றாக இருக்கும். ஒன்று மட்டும், கிளீட் (பெடலில் மாட்டிக்கொள்ள அடியில் வைக்கும் கட்டை) வைத்த ஷூ போட்டுக்கொண்டு வராதீர்கள். பாறையில் வழுக்கும், கோயிலில் எப்படியும் கழற்ற வேண்டும், ஒன்பது மணிக்குமேல் வெறுங்காலோடு அந்தப் பாறையில் நடந்தால் தெரியும். இந்த மாதிரி அடிக்கடி இறங்கிப் பார்க்கிற பயணத்துக்குச் சாதாரண பெடலும் கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு ஷூவும்தான் சரி. சைக்கிளைக் கீழே டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் பூட்டிப்போனால் ஒன்றும் ஆகாது, திரும்பி வரும்போது நாலு பேர் நின்று கியரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். "இன்னா சார், இவ்ளோ வெல குடுத்தும் ஸ்டாண்டு இல்லியா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி.

அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் மேல்பாடி, பொன்னை ஆற்றங்கரை. தஞ்சாவூருக்கு ஓடுகிற சோழர் ரசிகர்கள் இந்த ஊரை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது புரிவதேயில்லை. தன் பாட்டன் அரிஞ்சய சோழனுக்கு முதலாம் இராசராசன் எடுத்த பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவுக் கோயில், இங்கே இருக்கிறது, அரிஞ்சிகை ஈசுவரம் என்று பெயர். 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' (ஆற்றூரில் இறந்த தேவர்) என்று கல்வெட்டில் வருவது அந்த அரிஞ்சயன்தான். சின்னக் கோயில், அலட்டலே இல்லாமல் நிற்கும். பக்கத்திலேயே பெரிய சோமநாதர் கோயில், அதன் சுவர்ச் சிற்பங்களை நிதானமாகப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள். காலை வேளையில் பெரும்பாலும் நீங்களும் இரண்டு ஆடுகளும்தான் இருப்பீர்கள். சாப்பாட்டுக் கடை எதிர்பார்க்க வேண்டாம், டீயும் பன்னும் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

பிறகு ஆற்றை ஒட்டித் திருவலம். சம்பந்தர் பாடிய தலம், அவர் பாட்டில் திருவல்லம். இந்த வில்வநாதேசுவரர் கோயிலில் நந்தி சாமியைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்க்கும். காஞ்சனகிரி மலையிலிருந்து அபிஷேகத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவரை ஒரு அசுரன் மறித்தான், அவனை அடக்கக் கிளம்பியதால் அந்தப் பக்கமே பார்த்தபடி நிற்கிறது என்று கதை சொல்வார்கள். இங்கே பொன்னை ஆற்றின்மேல் வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலம் ஒன்றும் இருக்கிறது, போட்டோ எடுக்கிறவர்களுக்கு. வீடு திரும்பும்போது அறுபது, எழுபது கிலோமீட்டர் வரும். உடம்பு இன்னும் கேட்டால் திருவலத்திலிருந்து ராணிப்பேட்டை வழியாக ஆற்காடு டெல்லி கேட் வரை நீட்டிக்கலாம், மக்கன் பேடா வாங்குகிற சாக்கில். 1751இல் கிளைவ் முற்றுகையைத் தாங்கி நின்ற கோட்டையில் மிஞ்சியது கிட்டத்தட்ட அந்த வாசல்தான்.

ஆற்காட்டுக்கு நேர் வழி ஹைவே. 1806 ஜூலை 10 காலை வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த செய்தி கேட்டு ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரையில் பாய்ந்து வந்தது ஏறக்குறைய இந்தத் தூரம்தான், இருபத்தைந்து கிலோமீட்டர். அவருக்கு டிப்பர் லாரி தொல்லை இல்லை. நான் இப்போதெல்லாம் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் சைக்கிளை இறக்குவதே இல்லை. இதே காரணத்தால் விரிஞ்சிபுரமும் எனக்குக் கொஞ்சம் வருத்தமான ரூட். மதிலழகுக்குப் பேர்போன கோயில், நேரம் காட்டும் கல், சிங்கமுகத் தீர்த்தம், அடேயப்பா. ஆனால் மேற்கே பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர் போக அந்தச் சாலையும் அதன் சர்வீஸ் ரோட்டில் எதிரே வருகிற டூவீலர்களும். பஸ்ஸில் போய்வாருங்கள்.

தெற்கே போனால் கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாகப் படவேடு. திருவண்ணாமலைச் சாலை என்பதால் பஸ் வேகம் பயமுறுத்தும், சந்தவாசலில் உள்ளே திரும்பினதும் வாழைத் தோப்பும் ஜவ்வாது மலை அடிவாரமும் ஆரம்பிக்கும். சம்புவராயர்களின் தலைநகரம் இது. பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணன் வந்து அவர்களை முடித்துவைத்தான். ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடி மாதத்தில் போகவே போகாதீர்கள், சைக்கிள் என்ன, நடக்கவே இடம் இருக்காது. மற்ற மாதங்களில் கோயிலைப் பார்த்துவிட்டுச் செண்பகத்தோப்பு அணை வரை ஓட்டினால் வெயில் ஏறுவதற்குள் நல்ல காலை.

ஏறித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு: தினப் பயிற்சிக்கு ஓட்டேரி பக்கமிருந்து பாலமதி, வீட்டிலிருந்தே போய் டிபனுக்குத் திரும்பிவிடலாம். நாள் முழுக்க என்றால் ஜவ்வாது, ஜமுனாமரத்தூர், காவலூர், அப்புறம் ஆலங்காயத்துக்கு இறக்கம். காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகம் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் வந்தது. 34 பல் கேசட் இருந்தால் முழங்கால் உங்களை வாழ்த்தும். ஊர்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், போன் சிக்னல் வரும் போகும், ஆகவே தனியாகப் போக வேண்டாம். மேலே சாமையும் தேனும் கிடைக்கும், பையில் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலகிரியைப் பற்றிச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள் பேரும் வள்ளல்கள் பேரும் வைத்திருக்கிறார்கள், மூச்சு வாங்கும்போது அடுத்த பலகையில் யார் என்று பார்ப்பது ஒரு சின்ன உற்சாகம். சாலை நன்றாக இருக்கும், ஏற்றமும் சீராக இருக்கும். ஆனால் மேலே போனால் ரிசார்ட், படகு, சனி ஞாயிறு கார் வரிசை. வார நாளில் விடுமுறை கிடைத்தால் மட்டும் போகிறேன்.

காலம் முக்கியம். மார்கழி, தை இரண்டும் அருமை, மாசி பரவாயில்லை. பங்குனியிலிருந்து எட்டு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், அக்னி நட்சத்திரத்தில் நான் சைக்கிளைத் துடைத்து மூலையில் வைத்துவிடுவேன். மார்கழியில் பனி மூட்டமும் கரும்பு டிராக்டரும் சேர்ந்து வரும், டிரெய்லருக்குப் பின்னால் விளக்கே இருக்காது, நீங்களாவது முன்னும் பின்னும் லைட் போடுங்கள். அறுவடை நேரத்தில் பாதிச் சாலையில் நெல்லோ கடலையோ காயும், அதன்மேல் ஏற்றாதீர்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் திட்டு மிச்சம். பெயின்ட் அடிக்காத வேகத்தடை எல்லா ஊர் நுழைவிலும் உண்டு. நாய் துரத்தினால் நின்றுவிடுங்கள், அதுவும் நின்றுவிடும், பெரும்பாலும்.

ஐப்பசி, கார்த்திகையில் பாலாறோ பொன்னையோ புரண்டால் தரைப்பாலங்கள் மூழ்கும், 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மேப் அந்த வழியைத் திறந்திருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். முந்தின கூட்டு ரோட்டு டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்புங்கள்.