மைக்கா மேல் தங்கப் படலம்: 4 கெல்வின் எஸ்டிஎம்முக்கு வாங்கலாமா?

எஸ்டிஎம் என்பது ஊசிமுனைக்கும் பரப்புக்கும் இடையே பாயும் நுண்ணிய டனலிங் மின்னோட்டத்தைக் கொண்டு அணுக்களைப் படம்பிடிக்கும் நுண்ணோக்கி. அதில் வைக்கும் ஒற்றைப்படிகத் தங்கத்தின் (முழுதும் ஒரே படிகமான தங்கம்) விலை அதிகம். அதனால் மைக்கா (அப்பிரகம்) தகட்டில் 200 முதல் 300 நானோமீட்டர் கனத்துக்குத் தங்கம் பூசிய படலத்தைப் பலரும் வாங்குகிறார்கள். கொடுத்த காசுக்கு நல்ல சரக்குதான். ஆனால் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்ந்து தீரும் பொருள்.

பரப்பில் குறை இல்லை. இரண்டு மூன்று சுற்று (அயனிகளால் அடித்து, பிறகு சூடேற்றி) சுத்தம் செய்து குளிரவைத்தால் ஹெர்ரிங்போன் வரிகள் (தங்கப் பரப்பின் அணுக்கள் அமைக்கும் வளைந்து வளைந்து செல்லும் கோடுகள்) 6.3 நானோமீட்டர் இடைவெளியில் தெளிவாகத் தெரியும். மைனஸ் 0.5 வோல்ட் அருகே பரப்பு நிலையின் (பரப்பில் மட்டும் இருக்கும் எலெக்ட்ரான் நிலையின்) ஏற்றமும் கிடைக்கும். சமதளங்கள்தான் சிறியவை. சில நூறு நானோமீட்டர் நகர்ந்தால் மணிகளின் (படலத்தில் உள்ள சிறு படிகங்களின்) எல்லை குறுக்கிடும். அதையொட்டி வரிகள் கோணலாகும், வரிகளின் முழங்கையில் (வரி திரும்பும் வளைவில்) அமரும் மூலக்கூறுகளின் ஒழுங்கும் குலையும்.

தேய்மானம் எவ்வளவு? 1 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆர்கான் அயனிகளைச் சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோஆம்பியர் வீதம் 10 நிமிடம் அடித்தால் ஏறத்தாழ 20 நானோமீட்டர் தங்கம் போய்விடும். பத்துச் சுற்றில் 200 நானோமீட்டர் படலத்தின் கதை முடிந்தது. நேரத்தை 3 நிமிடமாகக் குறையுங்கள். அனீலிங்குக்கு (அடித்தபின் சூடேற்றுவதற்கு) 350 முதல் 400 டிகிரி செல்சியஸ் போதும். 500ஐத் தொட்டால் தங்கம் திரண்டு குழிகள் விழும். தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) படலத்தைத் தாங்கும் தட்டின் சூட்டைத்தான் காட்டும், படலத்தின் சூட்டை அல்ல. முதல் முறை மெதுவாகச் சூடேற்றுங்கள், மைக்கா அடுக்குகளுக்கிடையே உள்ள நீர் வெளியேற நேரமாகும்.

பொருத்துவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மைக்கா மின்சாரம் கடத்தாது. கிளிப் தங்க முகத்தை மேலிருந்து அழுத்தவில்லை என்றால் டனலிங் மின்னோட்டமே வராது. பரப்பு வந்ததை அறியாமல் டிப் (ஊசிமுனை) நேராகப் போய்க் குத்திவிடும். வெற்றிட அறைக்குள் ஏற்றுமுன் தங்கத்துக்கும் தட்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். சில ஓம் காட்ட வேண்டும். அளவு ஆடினால் கிளிப்பை மாற்றுங்கள். வெப்பத்தையும் மைக்கா சரியாகக் கடத்தாது. படிகத்தைவிட நிதானமாகக் குளிரும், அதுவரை படம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஆவியாக்கியின் (மூலக்கூறுகளைச் சூடாக்கிப் பரப்பில் படியவைக்கும் கருவியின்) வீதத்தை அளவிடவும், பரப்பில் பாலிமராகி ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுகளைச் சோதிக்கவும் படலத்தை வாங்குங்கள். ஒரே மூலக்கூறின் மேல் மணிக்கணக்கில் ஸ்பெக்ட்ரம் (வோல்டேஜை மாற்றி மின்னோட்டத்தை அளக்கும் வரைபடம்) எடுக்கும் வேலை என்றால் பணம் சேர்த்துப் படிகமே வாங்குங்கள்.